பல்லிடுக்கில் ஓர் உலகைக் கண்ட அந்தோணி வான் லீவன்ஹூக்

கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். அக்கால அறிஞர்கள் எழுதிய இலத்தீன் மொழியை அறிந்தவரும் அல்லர். சொந்த ஊரில் ஜவுளிக்கடை வைத்தும், நகரமன்றத்தில் சிறு உத்தியோகம் பார்த்தும் காலம் கழித்தவர். இப்படிப்பட்ட ஒருவரை இன்று உலகம் நுண்ணுயிரியலின் தந்தை என்று போற்றுகிறது. அவர்தான் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த அந்தோணி வான் லீவன்ஹூக். மனிதனின் வாய்க்குள் வாழும் பாக்டீரியாக்களை முதன்முதலில் கண்டு எழுதியவர் அவரே. அவர் கண்டதன் முழுப் பொருள் அவருக்கும் தெரியாது. அவர் காலத்தவர்க்கும் தெரியாது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆராயும் மருத்துவர்கள் அந்தப் பல்லிடுக்குக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த நீண்ட கதையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இளமை

லீவன்ஹூக் 1632-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் டெல்ஃப்டில் பிறந்தார். தந்தை பிலிப்ஸ் கூடை முடையும் தொழிலாளி. தாய் மார்கரெத்தா மது வடிக்கும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். புகழ்பெற்ற ஓவியர் வெர்மீரும் அதே ஊரில், சில நாள் இடைவெளியில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பது ஒரு சுவையான செய்தி. ஒருவர் ஒளியைத் திரைச்சீலையில் பிடித்தார். மற்றவர் ஒளியைக் கண்ணாடித் துளிக்குள் பிடித்தார்.

அந்தோணிக்கு ஐந்தாறு வயது இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். சிறுவன் வெளியூர்ப் பள்ளியில் சில காலம் படித்தான். உறவினர் வீட்டில் சில காலம் தங்கினான். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்டு, ஒரு ஜவுளி வணிகரின் கடையில் தொழில் பழகினான். அத்துடன் பள்ளிப் படிப்பு முடிந்தது.

1654-இல் ஊர் திரும்பி, பார்பரா என்ற பெண்ணை மணந்து, சொந்தமாக ஜவுளிக்கடை தொடங்கினார். பிறந்த ஐந்து குழந்தைகளில் மரியா என்ற பெண் ஒருத்தியே பிழைத்தாள். 1666-இல் மனைவியும் காலமானார். பின்னர் அவர் மறுமணம் செய்துகொண்டார். அந்த மனைவியும் அவருக்கு முன்பே மறைந்தார். இறுதிவரை அவருடன் இருந்தவர் மகள் மரியா மட்டுமே. அவரைப்பற்றிப் பின்னர் சொல்வோம்.

1660-இல் நகரமன்ற மண்டபத்தைக் காக்கும் பொறுப்பு லீவன்ஹூக்குக்குக் கிடைத்தது. பிற்பாடு நில அளவையாளராகத் தேர்ச்சி பெற்றார். மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை அளந்து சொல்லும் பணியும் வந்தது. அளப்பதும் எண்ணுவதும் அவருடைய பிழைப்பாகவே இருந்தன. இந்தப் பழக்கம் பின்னாளில் அறிவியலுக்குப் பெரிதும் பயன்பட்டது.

கண்ணாடித் துளி

ஜவுளி வணிகர்கள் துணியின் தரத்தைப் பார்க்க, இழைகளை எண்ணுவதற்கு ஒரு சிறு பூதக் கண்ணாடியை வைத்திருப்பது அக்கால வழக்கம். லீவன்ஹூக்கின் ஆர்வமும் அங்கிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். 1665-இல் இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்ற அறிஞர், நுண்பெருக்கியில் தாம் கண்டவற்றைப் பெரிய படங்களுடன் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். அக்கால நுண்பெருக்கிகளில் இரண்டு மூன்று கண்ணாடி வில்லைகள் இருந்தன. ஆனால் உருவம் மங்கலாகவே தெரியும்.

லீவன்ஹூக் வேறு வழியில் சென்றார். ஒரே ஒரு சிறிய வில்லை. அது ஏறத்தாழ ஒரு கடுகளவுதான் இருக்கும். அதைத் தாமே தேய்த்து மெருகேற்றி, இரண்டு சிறு பித்தளை அல்லது வெள்ளித் தகடுகளுக்கு நடுவில் பொருத்தினார். பின்புறம் ஓர் ஊசிமுனை. பார்க்க வேண்டிய பொருள் அந்த முனையில் நிற்கும். திருகைத் திருப்பினால் பொருள் மேலும் கீழும் நகரும். கருவி முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். இன்று எஞ்சியிருக்கும் சில கருவிகளுள் சிறந்தது பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. இத்தகைய வில்லைகளை அவர் தம் வாழ்நாளில் ஐந்நூறுக்கும் மேல் செய்தார்.

1673-இல், டெல்ஃப்டில் வாழ்ந்த இளம் மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப், இந்த ஜவுளி வணிகரைப்பற்றி இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த அறிஞர் கழகம் லீவன்ஹூக்கின் கடிதங்களை வரவேற்றது. பூஞ்சைக் காளான், தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப்பற்றி அவர் முதலில் எழுதினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. தாம் அறிந்த டச்சு மொழியிலேயே எழுதினார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவேயில்லை.

நம்ப மறுத்த உலகம்

1674-இல் ஊருக்கு அருகிலிருந்த ஓர் ஏரியின் நீரைப் பார்த்தபோது, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் நீந்துவதைக் கண்டார். 1676 அக்டோபரில் எழுதிய நீண்ட கடிதத்தில், மிளகு ஊறிய நீரில் இன்னும் சிறிய உயிர்களைக் கண்டதாக அறிவித்தார். மிளகு நாவில் ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பியே அவர் அதை ஊறவைத்தார். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அக்கடிதத்தில் அவர் விவரித்தவற்றுள் மிகச் சிறியவை பாக்டீரியாக்கள் என்பது இன்றைய கருத்து.

இலண்டன் அறிஞர்கள் திகைத்தனர், பலர் நம்பவில்லை. லீவன்ஹூக் கோபம் கொள்ளவில்லை. தம் வீட்டுக்கு எண்மரை அழைத்துக் கருவி வழியாகப் பார்க்கச் செய்தார். சமயபோதகர்களும் சட்டம் அறிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தாம் கண்டதை அவர்கள் எழுதிக் கையொப்பமிட்டார்கள். அந்தச் சாட்சியங்கள் இலண்டனுக்குச் சென்றன. 1677 நவம்பரில் இராபர்ட் ஹூக் தாமே மிளகு நீரில் அந்த உயிர்களைக் கண்டு, கழகத்தாருக்கும் காட்டினார். ஐயம் நீங்கியது. 1680-இல் ராயல் சொசைட்டி லீவன்ஹூக்கை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

தம் வாயையே ஆராய்ந்தார்

1683 செப்டம்பர் 17-ஆம் நாள் அவர் எழுதிய கடிதம் நம் கதைக்கு மிக முக்கியமானது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. நாள்தோறும் காலையில் உப்பினால் பல் தேய்த்து நீரால் கொப்பளிப்பது அவர் வழக்கம். உணவு உண்டபின் குச்சியால் கடைவாய்ப் பற்களைக் குடைந்து துணியால் அழுத்தித் துடைப்பார். அதனால் தம் வயதினரில் பலருக்கும் வாய்க்காத வெண்மையான பற்கள் தமக்கு இருப்பதாகவும், எவ்வளவு தேய்த்தாலும் ஈறுகளில் இரத்தம் கசிவதில்லை என்றும் அவர் குறித்திருக்கிறார்.

இவ்வளவு சுத்தமான வாயிலும், கடைவாய்ப் பற்களின் இடுக்கில் மாவு கரைத்தாற்போல ஒரு வெண்மையான பசை ஒட்டியிருப்பதை அவர் கண்டார். வேறொருவராயிருந்தால் அதைத் துடைத்தெறிந்துவிட்டு மறந்திருப்பார். லீவன்ஹூக் அதைச் சுரண்டி எடுத்து, மழைநீரிலும் எச்சிலிலும் கலந்து, தம் வில்லையின்முன் வைத்தார். அங்கே உயிர்கள் ததும்பின! சில, விலாங்கும் மீனும் நீரில் பாய்வதுபோல் விரைந்தன. சில பம்பரம்போலச் சுழன்றன. சில கூட்டமாகக் கொசுக்கள்போல் அங்குமிங்கும் திரிந்தன. அவற்றின் வடிவங்களை வரைவித்து அனுப்பினார். கோல், உருண்டை, சுருள் என்று இன்று பாடநூலில் நாம் காணும் பாக்டீரியா வடிவங்கள் அந்தப் படங்களில் இருக்கின்றன.

அவர் தம் வாயோடு நிற்கவில்லை. இரண்டு பெண்மணிகள், ஏறத்தாழ எட்டு வயதுக் குழந்தை ஒன்று, முதியவர்கள் சிலர் ஆகியோரின் பல்லழுக்கையும் பார்த்தார். வாழ்நாளில் வாயே கழுவாத ஒரு முதியவரின் பல்லழுக்கில் உயிர்கள் நம்பமுடியாத எண்ணிக்கையில் நெருக்கியடித்து நீந்தின. ஒரு மனிதனின் பல்லழுக்கில் வாழும் உயிர்கள் ஒரு நாட்டின் மக்கள்தொகையையும் மிஞ்சும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். காடியில் நெளியும் புழுக்களைக் காண அவர் வீட்டுக்கு வந்த சில சீமாட்டிகள், இனிக் காடியைத் தொடுவதேயில்லை என்று அருவருத்தார்களாம். தங்கள் வாய்க்குள்ளேயே இருப்பதைச் சொன்னால் இவர்கள் என்ன ஆவார்களோ என்று லீவன்ஹூக் குறும்பாக எண்ணிப் பார்த்தார்.

இன்னொரு சோதனையும் செய்தார். காடியை வாயில் வைத்துக் கொப்பளித்தபின்னும் பல்லழுக்கில் உயிர்கள் நீந்தின. அழுக்கைச் சுரண்டி வெளியில் எடுத்துக் காடியுடன் கலந்தபோதோ உடனே மடிந்தன. காடி, பற்களில் ஒட்டியுள்ள அழுக்கின் மேற்புறத்தைத்தான் தொடுகிறது. அதன் உள்ளே புகுவதில்லை என்று அவர் கணித்தார். பல்லழுக்கில் பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி ஒரு பிசின் கவசம் கட்டிக்கொண்டு அடை அடையாக வாழ்கின்றன என்று இன்று அறிவோம். கொப்பளிப்பது மட்டும் போதாது, தேய்த்தே அகற்ற வேண்டும் என்று பல் மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோது முன்பற்களின் அழுக்கில் உயிர்கள் அசைவற்றுக் கிடந்தன. கடைவாய்ப் பற்களின் இடுக்கில் மட்டும் உயிரோடிருந்தன. காலையில் தாம் வியர்க்க வியர்க்கக் குடித்த சுடச்சுடக் காப்பியே காரணம் என்று முடிவு செய்தார். இந்தக் காப்பிக்கு நாம் பின்னர் திரும்ப வருவோம்.

கண்டதைக் கண்டபடி எழுதுவார். தம் ஊகத்தை ஊகம் என்றே சொல்வார். அந்த உயிர்கள் நோய் தருமா என்பதை அவர் அறியவில்லை, அறிந்ததுபோல் எழுதவுமில்லை. இத்தனை சிறிய உயிர்களையும் இவ்வளவு நேர்த்தியாகப் படைத்த இறைவனின் ஞானத்தை வியந்து பணிந்தார்.

மகள் மரியா

1698-இல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது, விலாங்கு மீனின் வாலில் இரத்தம் ஓடும் காட்சியை லீவன்ஹூக் அவருக்குக் காட்டினார். இப்படிப் பெரியோர் பலர் அவர் வீடு தேடி வந்தனர். அந்த வீட்டை நடத்தியவர் மரியா. அவர் மணம் செய்துகொள்ளாமல் தந்தையுடனேயே இருந்து, அவரைக் கண்போல் பேணினார். லீவன்ஹூக் தொண்ணூறு வயதிலும் கடிதம் எழுதும் வலிமையோடிருந்தார் என்றால், அதில் மரியாவின் பங்கும் உண்டு.

கடைசி நாள்களில் லீவன்ஹூக்குக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே அடிக்கடி துடிப்பு ஏற்பட்டு மூச்சுத் திணறியது. மருத்துவர்கள் இருதயக் கோளாறு என்றனர். அவரோ உதரவிதானத்தின் துடிப்பு என்று கருதி, தம் நோயையே கூர்ந்து கவனித்து எழுதினார். அவ்வகை நோய்க்கு இன்று மருத்துவ நூல்களில் அவர் பெயரே வழங்குகிறது. மரணப் படுக்கையிலும் நண்பர் ஒருவரை அழைத்து, தம் கடைசிக் கடிதங்கள் இரண்டை இலத்தீனில் மொழிபெயர்த்து இலண்டனுக்கு அனுப்பச் செய்தார். 1723 ஆகஸ்ட் 26-ஆம் நாள் அமைதியாக உயிர் நீத்தார்.

தந்தையின் விருப்பப்படி 26 வெள்ளி நுண்பெருக்கிகள் கொண்ட பெட்டியை மரியா ராயல் சொசைட்டிக்கு அனுப்பிவைத்தார். டெல்ஃப்டின் பழைய கோவிலில் தந்தைக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினார். 1745-இல் அவரும் மறைந்தார். இலண்டனுக்குச் சென்ற அந்தப் பெட்டி பின்னாளில் தொலைந்துபோயிற்று.

ஒரு குறை

பெரியோரின் வாழ்வில் குறைகளும் உண்டு. லீவன்ஹூக் தம் மிகச் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையையும், மிகச் சிறிய உயிர்களைப் பார்க்கும் முறையையும் யாருக்கும் கற்றுத் தரவில்லை. சீடர்களை உருவாக்கவில்லை. அதனால் அவர் மறைந்தபின் அந்தச் சிற்றுயிர்களைத் தொடர்ந்து ஆராய்வார் இல்லாமற் போயினர். பல்லிடுக்கில் அவர் கண்ட உலகம் நூறாண்டுகளுக்கும் மேலாக வெறும் விநோதச் செய்தியாகவே இருந்தது. பகிர்ந்து கொள்ளாத அறிவு எத்தனை காலத்தை இழக்கச் செய்கிறது என்பதற்கு இது ஒரு பாடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்டரும் கோக்கும் கிருமிகள் நோய் உண்டாக்குவதை நிறுவிய பின்னரே பார்வை மீண்டும் வாய்க்குள் திரும்பியது. கோக்கிடம் பயின்ற வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பெர்லினில் வாழ்ந்தார். சர்க்கரையையும் மாவுப் பொருளையும் வாய்க் கிருமிகள் அமிலமாக்குவதால் பல் சொத்தையாகிறது என்று அவர் 1890-இல் விளக்கினார். வாய்க் கிருமிகள் உடலின் பிற உறுப்புகளையும் தாக்கக்கூடும் என்றும் எச்சரித்தார்.

ஈறிலிருந்து உணவுக்குழாய் வரை

நாம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எச்சிலை விழுங்குகிறோம். அதில் மிதக்கும் எண்ணிறந்த பாக்டீரியாக்களும் உடன் செல்கின்றன. அவை முதலில் கடந்து செல்லும் நீண்ட பாதை, தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய். பெரும்பாலான வாய்ப் பாக்டீரியாக்கள் நமக்குத் தீங்கு செய்யாதவை. சில நன்மையும் செய்கின்றன. ஆனால் பல்லழுக்கு நாள்பட ஈறின் அடியில் தங்கினால், காற்று புகாத அந்த இடத்தில் கெடுதி செய்யும் வகைகள் பெருகுகின்றன. ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசிகிறது. இதையே ஈறு அழற்சி என்கிறோம்.

அழற்சி என்பது உடலின் தற்காப்பு. கிருமி புகுந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் விரைந்து வந்து போரிடுகின்றன. சில நாள்களில் போர் முடிந்தால் நன்மை. மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக நீடித்தால், அந்தப் போரில் வெளியாகும் பொருள்கள் நம் திசுக்களையே சேதப்படுத்துகின்றன. சேதத்தைச் சரிசெய்ய அணுக்கள் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. பிரியும் ஒவ்வொரு தடவையும் பிழை நேர இடமுண்டு. ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ச்சோ 1863-இலேயே புற்றுக்கட்டிகளில் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டெனக் கருதினார்.

சீனாவின் லின்சியன் வட்டாரத்திலும், ஈரானின் கோலெஸ்தான் மாநிலத்திலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். பற்களை இழந்தவர்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதை இரு இடங்களிலும் ஆய்வாளர்கள் கண்டனர். வாயில் நடப்பதற்கும் உணவுக்குழாயில் நடப்பதற்கும் என்ன உறவு என்ற கேள்வி எழுந்தது.

2016-இல் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள் 100 பேரின் திசுக்களில், ஈறு நோய்க்கு முதன்மைக் காரணமான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவைத் தேடினார்கள். புற்றுத் திசுக்களில் 61 விழுக்காட்டில் அது இருந்தது. அருகிலிருந்த திசுக்களில் 12 விழுக்காட்டில் இருந்தது. நோயற்ற 30 பேரின் உணவுக்குழாயில் அது காணப்படவேயில்லை. அதே ஆண்டில் ஜப்பானின் குமமோட்டோ நகர மருத்துவர்கள், ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற மற்றொரு வாய்ப் பாக்டீரியாவை 325 புற்றுத் திசுக்களில் தேடினர், 74-இல் கண்டனர். அது இருந்த நோயாளிகள் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தனர்.

மாணவச் செல்வியரே, நீங்கள் பெருமைப்படக்கூடிய செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஈறு நோய் தரும் மற்றொரு பாக்டீரியாவின் பெயர் டானரெல்லா ஃபோர்சிதியா. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஃபோர்சித் பல் ஆராய்ச்சி நிலையத்தில் அதை ஆராய்ந்து விவரித்த ஆன் டானர் என்ற பெண் விஞ்ஞானியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 2017-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பெயர் மீண்டும் வந்தது. 1,22,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட இரு பெரும் ஆய்வுகளில், நலமாயிருந்தபோதே வாய் கொப்பளித்த நீரைச் சேமித்து வைத்திருந்தார்கள். பின்னர் உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்டவர்களின் மாதிரிகளை, நோய் காணாதவர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். வாயில் டானரெல்லா மிகுந்தவர்களுக்கு உணவுக்குழாயின் சுரப்பித் திசுவில் தோன்றும் புற்றுநோய் வாய்ப்பு 21 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வேறு சில வாய்ப் பாக்டீரியாக்கள் மிகுந்தவர்களுக்கோ அவ்வாய்ப்பு குறைவாக இருந்தது.

இவ்வாய்வாளர்களும் லீவன்ஹூக்கைப் போலவே, கண்ட அளவுக்கு மேல் சொல்லவில்லை. இந்தப் பாக்டீரியா இருக்குமிடத்தில் அந்நோய் மிகுந்திருக்கிறது என்பதுதான் கண்டது. பாக்டீரியாவே புற்றை உண்டாக்கியதா, புற்று வந்த இடத்தில் அது குடியேறியதா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. போர்ஃபிரோமோனாஸ் நம் அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிகிறது, சேதமுற்ற அணு தானே மடிவதைத் தடுக்கிறது, அழற்சியைத் தூண்டுகிறது என்பவை சோதனைச்சாலையில் கண்டவை. ஆகவே சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஈறில் இரத்தம் கசிகிற எல்லாருக்கும் புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட காரணங்கள் வேறு இருக்கின்றன. புகையிலையும் மதுவும் முதலிடம் பெறுகின்றன. வெற்றிலை பாக்குப் பழக்கமும், புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், இந்நோய்க்கு வழி வகுக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது. மதுவை அசெட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுவதில் வாய்ப் பாக்டீரியாக்களும் பங்கு கொள்கின்றன. தூய்மையற்ற வாயில் அந்த நச்சு மிகும். லீவன்ஹூக்கின் காப்பியை நினைவிருக்கிறதா? 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று அதே நிலையம் 2016-இல் அறிவித்தது. எனவே கிருமியைக் கொல்லக் கொதிக்கும் காப்பியை நாட வேண்டாம், ஆறவைத்தே அருந்துங்கள்.

நாம் கற்க வேண்டியவை

காலையிலும் இரவு படுக்கப் போகுமுன்பும் பற்களையும் ஈறுகளின் ஓரத்தையும் மென்மையாகத் தேய்த்துச் சுத்தம் செய்வோம். உப்பால் அழுத்தித் தேய்க்கும் லீவன்ஹூக்கின் முறை இன்று வேண்டாம். மென்மையான பிரஷும் பற்பசையும் போதும். ஈறில் இரத்தம் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் பல் மருத்துவரிடம் காட்டுவோம். தாத்தா பாட்டி யாரேனும் சோற்றை விழுங்கச் சிரமப்பட்டால், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் விரைவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிய பின்னரே பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுகிறது. முந்திக் கண்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

உயர்ந்த பட்டமும் பெரிய ஆய்வுக்கூடமும் லீவன்ஹூக்கிடம் இல்லை. கடுகளவு கண்ணாடியும், சலியாத பொறுமையும், அருவருப்பானதையும் அருகில் வைத்துப் பார்க்கும் துணிவும், பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் நேர்மையும் இருந்தன. அவர் செய்யாமல் விட்ட ஒன்றை நாம் செய்வோம்: கற்றதைப் பிறருக்குக் கற்றுக் கொடுப்போம். இன்று இரவு வீட்டில் சிறு தம்பியோ தங்கையோ பல் தேய்க்காமல் படுக்கப் போனால், அந்த ஜவுளி வணிகரின் கதையைச் சொல்லி, கைப்பிடித்து அழைத்துப் போய்ப் பல் தேய்க்கச் செய்யுங்கள்.